ரூபாயின் மானம் டாலரில் இல்லை

ஒரு டாலருக்கு 3 ரூபாய் 5 அணா என்றிருந்த காலத்திலிருந்து 85 ரூபாயைத் தாண்டிய காலம் வரை: எண்கள் மாறிய கதையும், அதன் பின்னால் யார் யார் விலை கொடுத்தார்கள் என்ற கணக்கும்.

சுதந்திர தினம் நெருங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி மறுபடியும் சுற்றத் தொடங்கிவிடும். '1947இல் ஒரு ரூபாய்க்கு ஒரு டாலர். அன்று நமக்குக் கடனே கிடையாது. அதன்பிறகு வந்தவர்கள் கடன் வாங்கிக் கெடுத்துவிட்டார்கள்.' படித்தவர்களும் இதை நம்புகிறார்கள், மேடையிலும் பேசுகிறார்கள்.

இது உண்மை இல்லை. 1946 டிசம்பரில் சர்வதேச நாணய நிதியத்தில் இந்தியா பதிவு செய்த அதிகாரபூர்வ விகிதப்படி ஒரு ரூபாய்க்கு 30 அமெரிக்க சென்ட்டுக்குச் சற்று கூடுதல். அதாவது ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3 ரூபாய் 5 அணா. 1947 ஆகஸ்ட் 15 அன்றும் அதே விகிதம்தான். அந்த எண்ணுக்கும் நம் கடனுக்கும் தொடர்பு எதுவும் கிடையாது. ரூபாய் அன்று பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. பவுண்டு டாலரோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 தம்பிடி. அதே பவுண்டுக்கு 4 டாலர் 3 சென்ட். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 3.31 வருகிறது. கடன் என்று பார்த்தால், இரண்டாம் உலகப் போர்ச் செலவுக்காக நம்மிடம் பொருளும் சேவையும் வாங்கிய வகையில் பிரிட்டன்தான் நமக்கு நூறு கோடி பவுண்டுக்கு மேல் தரவேண்டியிருந்தது.

பொய்யான ஒரு எண்ணைத் திருத்துவது பெரிய வேலையல்ல. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைதான் ஆபத்தானது. ரூபாய் உயர்ந்தால் நாட்டுக்கு மானம், இறங்கினால் அவமானம் என்ற நம்பிக்கை அது. நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு பாடம் தெரிகிறது. மாற்று விகிதத்தை மானப் பிரச்சினையாகவோ ஆள்பவர்களின் வசதியாகவோ ஆக்கிய ஒவ்வொரு முறையும், அதற்கான செலவை உழவரும் தொழிலாளரும் சிறு வியாபாரியும்தான் சுமந்திருக்கிறார்கள்.

வெள்ளி ரூபாயும் லண்டன் கணக்கும்

1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை ஒரு தோலா; பன்னிரண்டில் பதினோரு பங்கு சுத்த வெள்ளி. வெள்ளியின் விலை எதுவோ அதுவே ரூபாயின் மதிப்பு. 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் ஏறத்தாழ 2 ஷில்லிங்குக்குச் சமம். பத்து ரூபாய் கொடுத்தால் ஒரு பவுண்டு.

அப்போது ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறியது. பிற நாடுகளும் பின்தொடர்ந்தன. யாருக்கும் வேண்டாத வெள்ளி சந்தையில் வந்து குவிந்தது. ரூபாய் சரிந்துகொண்டே வந்து 1892இல் சுமார் 1 ஷில்லிங் 3 பென்ஸில் நின்றது. ஒரு பவுண்டுக்கு இப்போது 16 ரூபாய்.

இதில் கலங்கிப்போனவர்கள் யார்? இந்திய அரசு ஆண்டுதோறும் லண்டனுக்குப் பவுண்டில் அனுப்பவேண்டிய தொகை ஒன்று இருந்தது. ஓய்வுபெற்ற ஆங்கில அதிகாரிகளின் பென்ஷன், ரயில்வேக்கு வாங்கிய கடனின் வட்டி, லண்டனில் இருந்த இந்திய அலுவலகத்தின் செலவு எல்லாம் அதில் அடக்கம். ரூபாய் இறங்க இறங்க, அதே பவுண்டு தொகைக்கு இந்தியாவில் கூடுதல் வரி வசூலிக்கவேண்டி வந்தது. சம்பளத்தின் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஆங்கில அதிகாரிகளும் முறையிட்டார்கள்.

1893 ஜூன் 26 அன்று, வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்தால் நாணயமாக அடித்துத் தரும் உரிமை பொதுமக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. ரூபாயைச் செயற்கையாக அரிதாக்கி, மதிப்பை 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கு ஏற்றினார்கள். ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். தங்க விகிதத்தில் கணக்கிட்டால் டாலருக்கு ஏறத்தாழ 3 ரூபாய். கொலுசும் தண்டையுமாக வெள்ளியைச் சேமித்திருந்த குடியானவருக்கு அதைக் காசாக்கும் நேர்வழி அன்றோடு அடைபட்டது.

காந்தி கேட்ட மலிவு ரூபாய்

முதல் உலகப் போருக்குப் பிறகு ரூபாய் ஏறியிறங்கித் தத்தளித்தது. நிலையான விகிதம் எது என்று முடிவுசெய்ய ஹில்டன் யங் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். 1923இல் ரூபாயின் பிரச்சினையைப் பற்றித் தனி நூலே எழுதியிருந்த அம்பேத்கரும் அதன் முன் சாட்சியம் அளித்தார். 1926இல் ஆணையம் சொன்ன பரிந்துரை 1 ஷில்லிங் 6 பென்ஸ். அதன் உறுப்பினர்களில் ஒருவரான பம்பாய்த் தொழிலதிபர் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் இதை ஏற்காமல் தனிக் குறிப்பு எழுதினார். 1 ஷில்லிங் 4 பென்ஸே போதும் என்பது அவர் வாதம். அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1927இல் சட்டமாகிவிட்டது.

இரண்டு பென்ஸ் வித்தியாசத்துக்கு இத்தனை சண்டையா என்று தோன்றலாம். லண்டனில் ஒரு பவுண்டுக்கு விலைபோகும் பருத்திக்கு 4 பென்ஸ் விகிதத்தில் இந்தியாவுக்கு வருவது 15 ரூபாய். 6 பென்ஸ் விகிதத்தில் வருவது 13 ரூபாய் 5 அணா 4 தம்பிடி. விளைவித்தவருக்குப் போகவேண்டிய 1 ரூபாய் 10 அணா 8 தம்பிடி நடுவிலேயே காணாமல் போகிறது. நிலவரியோ ரூபாய்க் கணக்கில் அப்படியே நிற்கிறது. இன்னொரு பக்கம், மான்செஸ்டர் துணி இந்தியக் கடைகளில் அதே அளவுக்கு மலிவாகிறது. உள்ளூர் ஆலைத் துணி தேங்குகிறது.

அதனால்தான் 1930 ஜனவரியில் காந்தி வைஸ்ராய் இர்வினிடம் முன்வைத்த பதினொரு கோரிக்கைகளில், உப்பு வரி ஒழிப்பு, மதுவிலக்கு, நிலவரியைப் பாதியாக்குதல் ஆகியவற்றோடு ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 4 பென்ஸாகக் குறைக்கவேண்டும் என்பதும் இடம்பெற்றது. ரூபாயின் மதிப்பைக் குறையுங்கள் என்று தேசிய இயக்கம் கேட்டது! உயர்ந்த ரூபாயே தேசபக்தி என்று இன்று பேசுகிறவர்கள் இந்தக் கோரிக்கையை ஒருமுறை படிக்கவேண்டும்.

கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1931இல் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டபோதும் ரூபாயை அதே 1 ஷில்லிங் 6 பென்ஸில் பவுண்டோடு கட்டியே வைத்தார்கள். பெருமந்தத்தில் விளைபொருள் விலை படுத்துவிட்டது. வரியும் வட்டியும் கட்ட வழியில்லாமல் கிராமங்கள் நகையை விற்றன. அந்தத் தங்கம் கப்பல் கப்பலாக வெளியேறியது.

1949: பக்கத்து வீட்டுப் பிடிவாதம்

1949 செப்டம்பர் 18 அன்று பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தது. நம் ஏற்றுமதியில் பெரும்பகுதி பவுண்டு வட்டாரத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜான் மத்தாய் நிதியமைச்சராக இருந்த இந்திய அரசும் அதே 30.5 சதவீதம் குறைத்தது. டாலர் 4 ரூபாய் 76 காசு என்ற கணக்குக்கு வந்தது.

பாகிஸ்தான் மறுத்தது. அவர்களின் 100 ரூபாய்க்கு நம் 144 ரூபாய் என்றாகிவிட்டது. இந்தியா அந்த விகிதத்தை ஏற்கவில்லை. சணல் விளைந்தது கிழக்கு வங்கத்தில், சணல் ஆலைகள் இருந்தது கல்கத்தாவில். நடுவில் வர்த்தகம் முடங்கியது. இங்கே ஆலைகள் மூச்சுத் திணறின, அங்கே விவசாயியின் சணல் வாங்க ஆளின்றிக் கிடந்தது. 1951 பிப்ரவரியில்தான் உடன்பாடு வந்தது. 1955இல் பாகிஸ்தானும் தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது.

1966: ஜூன் 6

4.76 என்ற எண் பதினேழு ஆண்டுகள் அசையவில்லை. விலைவாசி அசைந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு இயந்திரங்கள் வேண்டியிருந்தன, உணவு தானியம் வேண்டியிருந்தது. 1957இலேயே அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கிவிட்டது. அரசு விகிதத்தைத் தொடாமல், அதைச் சுற்றி வேலி கட்டியது. இறக்குமதிக்கு லைசென்ஸ், ஏற்றுமதிக்கு மானியம், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. லைசென்ஸ் கையில் இருந்தவர் அதையே லாபத்துக்கு விற்றார். காகிதத்தில் 4.76 என்றிருந்தாலும், ஆளுக்கொரு விகிதம் நடைமுறையில் இருந்தது.

1965இல் பாகிஸ்தானோடு போர். அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அதே ஆண்டு மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நாட்களை ஓட்டியது. உதவி வேண்டுமானால் ரூபாயின் மதிப்பைக் குறையுங்கள் என்று உலக வங்கியும் நாணய நிதியமும் நெருக்கின. இதைக் கடுமையாக எதிர்த்தவர் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. வேறொரு பிரச்சினையில் அவர் 1965 டிசம்பர் 31 அன்று பதவி விலகினார். அடுத்த சில நாட்களில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். இந்திரா காந்தி பொறுப்பேற்றார்.

1966 ஜூன் 6 அன்று டாலர் 4.76இலிருந்து 7 ரூபாய் 50 காசானது. ரூபாயின் மதிப்பு ஒரே அடியில் 36.5 சதவீதம் போனது. இந்த விவகாரத்தில் இரு துருவங்களிலும் தமிழர்கள் இருந்தார்கள். மதிப்புக் குறைப்பை ஆதரித்த முக்கிய அமைச்சர்களில் ஒருவர் உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம். கொதித்துப்போனவர் காங்கிரஸ் தலைவர் காமராஜர். கட்சியைக் கலக்காமல் இப்படி ஒரு முடிவா என்பது அவரது கேள்வி.

பொருளாதாரக் காரணங்களை வைத்துப் பார்த்தால் முடிவு தவறில்லை. செய்த நேரமும் முறையும்தான் கெடுத்தன. இரண்டாம் ஆண்டும் மழை பொய்த்து, ஏற்றுமதிக்கான விளைபொருளே குறைந்துபோனது. தேயிலைக்கும் சணலுக்கும் ஏற்றுமதி வரி போட்டார்கள், பழைய மானியங்களை எடுத்தார்கள். ஏற்றுமதியாளருக்குக் கைக்கு வந்த லாபம் சுருங்கியது. எதிர்பார்த்த அளவுக்கு வெளிநாட்டு உதவியும் தொடர்ந்து வரவில்லை. மக்கள் கண்ணுக்குத் தெரிந்தது விலைவாசி மட்டும்தான். 1967 தேர்தலில் பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும்தான் முதன்மைக் காரணங்கள். ஆனாலும், ரூபாயைத் தொட்டால் ஆட்சி போகும் என்ற அச்சம் டெல்லியில் கால் நூற்றாண்டுக்கு உறைந்துவிட்டது.

அந்த ஜூன் 6க்குக் கடல் கடந்தும் விளைவுகள் இருந்தன. வளைகுடாப் பகுதிகளில் அதுவரை இந்திய ரிசர்வ் வங்கி அச்சடித்த 'வளைகுடா ரூபாய்' புழங்கியது. தங்கக் கடத்தலைத் தடுக்க 1959இல் தனியாக வெளியிட்ட நோட்டு அது. குவைத்தும் பஹ்ரைனும் முன்பே தங்கள் தினாருக்கு மாறியிருந்தன. மதிப்புக் குறைப்புக்குப் பிறகு கத்தாரும் துபாயும் ரூபாயைக் கைவிட்டன. ஓமன் 1970இல் விலகியது. ஒரு காலத்தில் நம் நோட்டு செல்லுபடியான ஊர்களுக்கு, அவர்களின் பணத்தைச் சம்பாதித்து வர நம் இளைஞர்கள் விமானம் ஏறத் தொடங்கினார்கள். இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் டாலர் விகிதத்தில் ஒன்றாக இருந்த நிலையும் அன்றோடு முடிந்தது.

1991: இரண்டு தவணை

1975 செப்டம்பரில் ரூபாய் பவுண்டிலிருந்து அவிழ்க்கப்பட்டு, பல நாட்டு நாணயங்களின் கூடையோடு இணைக்கப்பட்டது. அதன்பின் அறிவிப்பே இல்லாமல் சிறுகச் சிறுக இறங்கியது. 1980இல் டாலருக்கு 8 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 1990இல் பதினேழரை.

பிறகு எல்லாம் ஒன்றாக வந்தன. குவைத்தை இராக் ஆக்கிரமித்தது. எண்ணெய் விலை எகிறியது. வளைகுடாவிலிருந்து நம் மக்கள் வேலையிழந்து திரும்பினார்கள். சோவியத் சந்தை நொறுங்கியது. வெளிநாட்டு இந்தியர்கள் வங்கிகளில் போட்டிருந்த டாலரை எடுத்துக்கொண்டார்கள். 1991 ஜூனில் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே தாங்கும் நிலை. சந்திரசேகர் அரசு பறிமுதல் தங்கத்தில் 20 டன்னை ஸ்டேட் வங்கி மூலம் ஏற்கெனவே வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் சொந்தத் தங்கத்தில் ஏறத்தாழ 47 டன்னை அடகுக்கு அனுப்பி 40 கோடி டாலர் அளவுக்குக் கடன் பெற்றது.

அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநர் நாகர்கோவிலில் பிறந்த எஸ்.வெங்கிடரமணன். துணை ஆளுநர் சி.ரங்கராஜன். ஜூலை 1 அன்று ரூபாயின் மதிப்பு சுமார் 9 சதவீதம் குறைக்கப்பட்டது. சந்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துவிட்டு, ஜூலை 3 அன்று மேலும் 11 சதவீதம். 21 ரூபாய்ச் சொச்சத்திலிருந்த டாலர் மூன்று நாளில் 26 ரூபாயை நெருங்கியது. இரண்டாவது தவணைக்கு முன் பிரதமர் நரசிம்ம ராவ் தயங்கினார். நிறுத்தச் சொல்லி நிதியமைச்சர் மன்மோகன் சிங் ரங்கராஜனை அழைப்பதற்குள் புதிய விகிதம் வெளியாகிவிட்டிருந்தது. மறுநாள் வர்த்தக அமைச்சர் ப.சிதம்பரம் ஏற்றுமதி மானியத்தை நீக்கிப் புதிய வர்த்தகக் கொள்கையை அறிவித்தார்.

1966இல் மதிப்புக் குறைப்பு தனியாக நின்று தோற்றது. 1991இல் அதோடு தொழில், வர்த்தகச் சீர்திருத்தங்களும் சேர்ந்து வந்தன. 1993 மார்ச்சில் விகிதத்தைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டபோது டாலர் 31 ரூபாய் 37 காசு. பிரளயம் எதுவும் வரவில்லை. 2009இல் அதே இந்தியா நாணய நிதியத்திடமிருந்து 200 டன் தங்கம் வாங்கியது. 2024 செப்டம்பரில் கையிருப்பு 70,000 கோடி டாலரைத் தாண்டியது.

ஏறினால் யாருக்கு, இறங்கினால் யாருக்கு?

2007 கடைசியில் டாலர் 40 ரூபாய்க்குக் கீழே வந்தது. ரூபாய் பலம் பெற்றுவிட்டது என்று தலைப்புச் செய்திகள் கொண்டாடின. திருப்பூர் அலறியது. நான்கு டாலருக்கு ஒப்புக்கொண்ட ஒரு டி-ஷர்ட்டுக்கு, டாலர் 44இல் இருந்தால் 176 ரூபாய் வரும். 40க்கு வந்தால் 160தான். நூலும் சாயமும் தையல் கூலியும் குறையாது. அந்த 16 ரூபாய்தான் பல பனியன் கம்பெனிகளின் மொத்த லாபமே.

மறுபக்கமும் உண்டு. நம் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான். டாலர் ஏறினால் அது டீசலாக, லாரி வாடகையாக, கடைசியில் காய்கறி விலையாக வந்து சேரும். வெளிநாட்டில் படிக்க 40,000 டாலர் கட்டணம் என்றால், டாலர் 65இல் இருந்தபோது 26 லட்சம். 85 ஆனால் 34 லட்சம். அதே ஏற்றத்தில், சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலைசெய்து பணம் அனுப்புகிறவரின் வீட்டுக்குக் கூடுதல் ரூபாய் வரும். 2022இல் உலகிலேயே முதல் நாடாக இந்தியா 10,000 கோடி டாலருக்கு மேல் இத்தகைய பணத்தைப் பெற்றது. ஒரே எண் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு லாபமும் அடுத்த வீட்டுக்கு நஷ்டமுமாக இருக்கும்போது, அதை எப்படி நாட்டின் மானமாக அளக்க முடியும்?

உலகத்தைப் பார்த்தாலும் இதே கதைதான். 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென். அந்த ஆண்டுகளில்தான் ஜப்பான் தொழில் வல்லரசானது. ஒரு குவைத் தினாருக்கு மூன்று டாலருக்கு மேல் கிடைக்கும். அதனால் குவைத் அமெரிக்காவைவிடப் பெரிய பொருளாதாரம் ஆகிவிடவில்லை.

ரூபாய் காலப்போக்கில் இறங்குவதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இங்கே விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதமும் அங்கே 2 சதவீதமும் ஏறினால், விகிதம் அப்படியே நின்றால் நம் சரக்கு வெளிச்சந்தையில் ஆண்டுதோறும் 4 சதவீதம் விலை கூடிக்கொண்டே போகும். மெதுவாக இறங்கும் ரூபாய் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுகிறது. பயப்படவேண்டியது திடீர்ச் சரிவுக்கு. 2013 மே மாதத்தில் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி தாராளப் பணப்புழக்கத்தைக் குறைக்கலாம் என்று கோடிகாட்டியதும், ஆகஸ்ட் 28க்குள் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. எண்ணெயும் தங்கமும் வாங்கி வெளிநாட்டுக் கணக்கில் பெரிய பற்றாக்குறை வைத்திருந்ததால்தான் அடி அத்தனை பலமாக விழுந்தது. ரகுராம் ராஜன் ஆளுநரானதும் வெளிநாட்டு இந்தியர் வைப்புத்தொகைக்குச் சலுகை கொடுத்து டாலர் திரட்டினார், நிலைமை ஆறியது.

மானத்துக்காக எண்ணைப் பிடித்து வைத்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை அண்மையில் காட்டியது. 2022 மார்ச் வரை டாலரை 200 ரூபாய் அருகில் கட்டாயமாக நிறுத்தி வைத்தார்கள். வெளிநாட்டில் உழைத்தவர்கள் வங்கியை விட்டு உண்டியல் வழியாகப் பணம் அனுப்பினார்கள். அரசுக்கு டாலர் வற்றியது. மார்ச்சில் பிடியை விட்டதும் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றது, விகிதத்தைப் பிடித்து வைத்தவர்கள் அல்ல, சாதாரண மக்கள்.

கேட்கவேண்டிய கேள்விகள்

2024 டிசம்பரில் டாலர் 85 ரூபாயைத் தாண்டியபோதும் வாட்ஸ்அப்பில் அதே புலம்பல், தொலைக்காட்சியில் அதே விவாதம். எந்தக் கட்சி ஆட்சியில் எவ்வளவு இறங்கியது என்று பட்டியல் போடுவதால் யாருக்கும் பயனில்லை. 1947 முதல் எந்தக் கட்சியும் ரூபாயை நிரந்தரமாக ஏற்றியதில்லை.

கேட்கவேண்டியவை வேறு. இறக்கம் படிப்படியாக நடக்கிறதா, ஒரே பாய்ச்சலா? அதைத் தாங்கக் கையிருப்பு இருக்கிறதா? எண்ணெய்க்கு நாம் கட்டும் டாலரைக் குறைக்க என்ன செய்கிறோம்? பெரிய நிறுவனங்கள் டாலர் ஏற்ற இறக்கத்துக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுத் தற்காத்துக்கொள்கின்றன. ஐம்பது தையல் இயந்திரம் வைத்திருப்பவருக்கும், வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியவருக்கும் அந்தப் பாதுகாப்பு எட்டுகிறதா? ரிசர்வ் வங்கி டாலரை விற்று ரூபாயைத் தாங்கிப் பிடிக்கும்போது, எந்த எல்லைவரை, யாருடைய நலனுக்காக என்பது நாடாளுமன்றத்தில் பேசப்படுகிறதா?

1926இல் இரண்டு பென்ஸுக்காக நாடே விவாதித்தது. வியாபாரிகளும் பொருளியலாளர்களும் பத்திரிகைகளும் எழுதிக் குவித்தார்கள். இந்த விகிதத்தால் உழவருக்கு என்ன கிடைக்கும், ஆலைக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சண்டையிட்டார்கள். அடிமை நாட்டில் அவ்வளவு தெளிவாக நடந்த விவாதத்தைச் சுதந்திர நாட்டில் இல்லாத பெருமையைச் சொல்லி மழுங்கடிப்பது நியாயமா? டாலர் எத்தனை ரூபாய் என்று கேட்கும் ஒவ்வொரு முறையும், அதனால் யார் பிழைக்கிறார்கள், யார் சுமக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கப் பழகவேண்டும். மாற்று விகிதத்தை அரசியலாகப் பேசவேண்டும் என்றால், பேசவேண்டிய அரசியல் அதுதான்.

எண்களின் பாதை: ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய்?

1947: 3.31
1949 செப்டம்பர்: 4.76
1966 ஜூன்: 7.50
1980: 8க்குச் சற்றுக் குறைவு
1990: சுமார் 17.50
1991 ஜூலை: சுமார் 26
1993 மார்ச்: 31.37
2008 ஜனவரி: சுமார் 39
2013 ஆகஸ்ட்: 68க்கு மேல்
2022 ஜூலை: சுமார் 80
2024 டிசம்பர்: 85க்கு மேல்